பழைய கல் சுவருக்குச் சிமென்ட் வைக்காதீர்கள்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரின் ரைடேல் பகுதியில் பழைய தேவாலயங்களின் பழுதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. போன மார்ச்சில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் வடக்குச் சுவரைத் தடவிப் பார்த்தேன். கல் மாவு மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. இடுக்குகளில் இருந்த சிமென்ட் மட்டும் அசையாமல் துருத்திக்கொண்டு நின்றது. சுவர் உறுதியாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடு யாரோ எப்போதோ பூசியது.

இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் கலவையில் கட்டியவை. மழை பெய்தால் கொஞ்சம் ஈரம் உள்ளே இறங்கும், காற்றடித்தால் அந்தக் கலவை வழியாகவே வெளியேறிவிடும். இடுக்கைச் சிமென்ட் அடைத்துவிட்டால் ஈரம் முழுவதும் கல்லுக்குள் தங்கும். பனிக்காலத்தில் அது உறைந்து சுமார் 9 சதவீதம் விரியும்போது கல்லின் முகம் பெயர்ந்துவிடும். கலவை தேய்ந்தால் கொத்தனார் புதிதாக வைத்துவிடுவார். 900 வருடத்துக்கு முன் செதுக்கிய கல்லை யார் திருப்பித் தருவது?

இதே பகுதியில், கர்க்டேலில் புனித கிரகோரி தேவாலயம் இருக்கிறது. அதன் தெற்கு வாசலுக்கு மேல் கல்லில் வெட்டிய சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. இடிந்து விழுந்து கிடந்த இந்தக் கோயிலைக் கமாலின் மகன் ஓர்ம் வாங்கி, தரையிலிருந்து புதிதாகக் கட்டினான் என்று அதில் பழைய ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. எட்வர்ட் அரசன், டோஸ்டிக் பிரபு காலம் என்றும் இருப்பதால், அது டோஸ்டிக் இந்தப் பகுதியின் பிரபுவாக இருந்த 1055-க்கும் 1065-க்கும் இடைப்பட்டது. பழுதுபார்த்த செய்தியையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்! ஒவ்வொரு முறையும் அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன். 1771 வரை அது பூச்சுக்கு அடியில் மறைந்திருந்தது. இப்போது வாசல் மண்டபத்தின் கூரை மழையைத் தடுக்கிறது. எழுத்து இன்னும் படிக்க முடிகிறது என்றால் அதனால்தான்.

கூரை போனால் என்ன ஆகும் என்பதற்கு ரீவோ மடத்தைப் பாருங்கள். 1132-இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் தொடங்கிய மடம். 1538-இல் மூடப்பட்டதும் கூரையின் ஈயத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயங்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் மழைநீர்க் குழாயில் இலை அடைக்க ஐந்து வருடம் வேண்டாம், ஒரு இலையுதிர்காலம் போதும். தேவாலயக் குழுவில் இருப்பவர்களும், சுண்ணாம்பில் கட்டிய பழைய கல் வீடு வாங்கியவர்களும் நல்ல மழையில் குடையோடு வெளியே போய், தண்ணீர் எங்கே வழிகிறது என்று பாருங்கள். வேலைக்கு வருபவர் சிமென்ட் மூட்டையோடு வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்த வடக்குச் சுவருக்கு மறைமாவட்ட அனுமதி கிடைத்து, மே மாதம் வேலை தொடங்கியது. மெஷின் வைத்து அறுத்தால் கல்லும் சேர்ந்து போகும் என்பதால், சிமென்டை உளியாலேயே எடுத்தோம். புதுச் சுண்ணாம்பு மெதுவாகக் காய வேண்டும் என்று ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறோம். தினமும் இரண்டு முறை தண்ணீர் தெளிக்கிறார் கொத்தனார்.