நண்டு உருட்டும் ஜவ்வரிசி

சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக்குள், அதாவது ஜவ்வரிசி ஆலைக்குள் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை மறக்காது. குச்சிக்கிழங்கை அரைத்து, திப்பியைச் சலித்து ஒதுக்கிவிட்டு, பாலைத் தொட்டியில் தெளியவிடுவார்கள். கனமான மாவு அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீர் வெளியே போகும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைத் தொடும் இடத்தில் பிடில் நண்டு இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. கனமானதைத் துப்பிவிட்டு, மிதப்பதைத் தின்கிறது.

சேலத்துக்காரருக்குக் கடற்சேற்றில் என்ன வேலை என்கிறீர்களா? பேளூர், ஆத்தூர் வழியே போகும் வசிஷ்ட நதியும், தம்மம்பட்டிப் பக்கமிருந்து வரும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு ஆகிறது. இரண்டும் பெரும்பாலும் காய்ந்தே கிடப்பதால் நமக்கே மறந்துவிடுகிறது. வெள்ளம் வந்தால் நம் காட்டு மண்ணும் அங்கே போய்ப் படியும்.

அங்கே ஓதம், அதாவது கடல்நீர், நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. நீர் வடிந்ததும் வளையிலிருந்து நண்டு வெளியே வந்து, கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் போடுகிறது. செவுள் அறையில் வைத்திருக்கும் நீரை அதில் பாய்ச்சி, கரண்டி போன்ற நுண்ணிய மயிர்களால் மண் துகள்களைத் தேய்க்கிறது. ஒட்டியிருந்த டயட்டம் என்ற நுண்பாசியும் பாக்டீரியாவும் லேசானவை, மேலே மிதந்து உள்ளே போகின்றன. மணல் வாயின் அடியில் சேர்ந்து உருண்டையாக வெளியே விழுகிறது. அசல் ஜவ்வரிசிதான், நிறம் மட்டும் சேறு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு சண்டைக்கும் பெண்ணை அழைக்கவும் பெருத்துப் போனதால் ஒற்றைக் கையால்தான் சாப்பாடு. பாவம்.

அந்தச் சேற்றை விரலால் கிளறினால் அழுகிய முட்டை நாறும். சாக்கடை கலந்துவிட்டது என்று நினைப்போம்; அப்படி இருக்க வேண்டியதில்லை. நுண்ணிய துகள்களுக்கு இடையே நீர் ஓடாது. இருக்கும் ஆக்சிஜனையும் பாக்டீரியா தின்றுவிடும். சில மில்லிமீட்டருக்குக் கீழே காற்றே இல்லை. அங்கே வாழும் பாக்டீரியா, கடல்நீரில் உள்ள சல்பேட்டை வைத்துப் பிழைத்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகிறது. அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது.

அந்தக் கறுப்புக்குள் நண்டு வளைகளும் புழுத் துளைகளும் இறங்குகின்றன. புழு உடம்பை நெளித்து நெளித்து மேலிருந்து நீரை இழுக்கிறது. அது தன் மூச்சுக்காகச் செய்யும் வேலை; ஆனால் ஆக்சிஜன் துளைச் சுவரிலும் ஊறுகிறது. சேற்றை வெட்டிப் பார்த்தால் துளையைச் சுற்றி மட்டும் துருப்பழுப்பில் ஒரு வளையம் தெரியும். கறுத்த இரும்பு அங்கே துருவாகியிருக்கிறது.

இந்தப் பிராணிகளைப் பிரிக்க ஆய்வாளர்களுக்கும் சல்லடைதான் கருவி. அரை மில்லிமீட்டர் கண்ணில் தங்கினால் அது 'பெரிய' பிராணி! அதில் நழுவுபவற்றில் பெரும்பாலானவை நூற்புழுக்கள். வாழையிலும் தக்காளியிலும் நம்மைப் படுத்தும் நூற்புழுவின் சொந்தங்கள், ஆனால் வேரைத் தொடாமல் பாக்டீரியாவையும் டயட்டத்தையும் மேய்பவை. ஒரு சதுர மீட்டர் சேற்றில் சின்னப் பிராணிகள் பத்து லட்சம் இருப்பது சாதாரணம்.

சரி, ஓதம் திரும்புகிறது. நீர் வருவதற்கு முன்பே நண்டு உள்ளே போய், வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்கிறது. வெளியே உருண்டைகள் கரைந்து மறுபடி சேறாகின்றன. அடுத்த முறை நீர் வடிந்ததும் டயட்டம் வெயிலைத் தேடி மேலே நகர்ந்து வந்திருக்கும். நண்டும் கதவைத் திறக்கும்.