மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்

பள்ளிப் பிரேயரில் வெயிலில் நின்ற பிள்ளை மயங்கி விழுந்தால், நாலு பேர் ஓடிவந்து தூக்கி, நாற்காலியில் சாய்த்து, வாயில் தண்ணீர் புகட்டுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் விழுந்ததே பாதி வைத்தியம். அதைத்தான் இவர்கள் கெடுக்கிறார்கள்.

நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்து அதைச் சமாளிக்கும். நடந்தால் கெண்டைக்கால் தசைகளும் ரத்தத்தை மேலே தள்ளும். ஆடாமல் அசையாமல் நின்றால் அது இல்லை. வெயிலில் தோலின் ரத்தக்குழாய்கள் வேறு விரிந்துகிடக்கும். தண்ணீரும் குடிக்காமல் வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கட்டத்தில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைச் சட்டென்று குறைக்கிறது, குழாய்களும் தளர்ந்துவிடுகின்றன. ஊசியைப் பார்த்ததும் சிலர் மயங்குவதும் இப்படித்தான். முகம் வெளிறி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரும். மூளைக்கு ரத்தம் போவது நின்றால் பத்து வினாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

தரையில் கிடக்கும்போது தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ரத்தம் மேலே ஏற வேண்டிய சிரமம் இல்லை. அதனால் மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை ஒரு அடி உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சட்டைக் காலர், பெல்ட்டைத் தளர்த்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. நினைவில்லாதவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடலாம். மயக்கத்தில் கைகால் இரண்டொரு முறை வெட்டி இழுப்பதும் உண்டு. உடனே யாராவது வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். வலிப்பாகவே இருந்தாலும் இரும்பு ஒன்றும் செய்யாது.

சாதாரண மயக்கம் என்றால் ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். திறக்காவிட்டால், மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சே இல்லை, அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறது என்றால் அது மயக்கம் அல்ல. 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். ஓடும்போது விழுந்தவரையும், நெஞ்சு வலி என்று சொல்லி விழுந்தவரையும், எழுந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

எழுந்தவரை உடனே நடக்கவிடாதீர்கள். கொஞ்ச நேரம் படுத்திருந்து, அப்புறம் உட்கார்ந்து, பிறகு நிற்கட்டும். மறுபடி கண் இருட்டினால் அங்கேயே படுத்துவிடச் சொல்லுங்கள். படுக்க வழியில்லாத பஸ்ஸில் என்றால், கால்களைப் பின்னிக்கொண்டு தொடைத் தசைகளை இறுக்கினால் ரத்தம் கொஞ்சம் மேலேறும். யாராவது எழுந்து சீட் கொடுக்கும்வரை தாக்குப்பிடிக்கலாம்.