ஒரே கதவை நான்கு முறை தட்டுவது ஏன்?

"2025 ஏப்ரலில் வேலையின்மை 5.1 சதவீதம், மே மாதம் 5.6 என்று செய்தியில் போட்டார்கள். ஒரே மாதத்தில் இத்தனை பேருக்கா வேலை போனது? எங்கள் தெருவில் யாரும் வந்து விசாரிக்கவே இல்லையே, இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தெருவுக்கு வராததில் ஆச்சரியமில்லை. ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் 2017 முதல் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பு, 2025 ஜனவரியில் மாற்றியமைக்கப்பட்டது. இப்போது ஆண்டுக்கு 22,692 கிராம, நகரப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 12 குடும்பங்கள். ஆக 2,72,304 குடும்பங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 24 கோடிக்கு மேல் குடும்பங்கள் இருந்தன. உங்கள் வீடு சிக்கினால்தான் அதிசயம்.

கேள்வி எளிது. கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். அதுகூட இல்லை, ஆனால் வேலை தேடினார் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தார் என்றால் வேலையற்றவர். இந்த இரு கூட்டத்தையும் சேர்த்து, அதில் வேலையற்றவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே விகிதம். தேடித் தேடிச் சலித்துப்போய், இனி வேலையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டவர் இதில் வரவே மாட்டார். ஒரு மணி நேரம் பூ கட்டினால் அது வேலையா என்று கோபப்படுபவர்கள் உண்டு. எனக்கும் அந்த வரையறை பிடிக்காதுதான். ஆனால் மாதாமாதம் அதே அளவுகோல் என்பதால், ஏறியதா இறங்கியதா என்று பார்க்க அது போதும்.

ஏறியதா இறங்கியதா என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த வித்தை இருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் புத்தம்புது வீடுகளாகப் பொறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் குலுக்கலில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டே வேலை தேடும் பட்டதாரிகள் உள்ள வீடுகள் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டன. மே குலுக்கலில் வயல்வேலைக்குப் போகும் குடும்பங்கள் கூடிவிட்டன. நாட்டில் ஒன்றுமே மாறவில்லை, ஆனால் விகிதம் இறங்கிவிடும்! ஏப்ரலுக்கு ஒரு குலுக்கல் பிழை, மே மாதத்துக்கு வேறொரு பிழை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டும் கழித்தலில் சேர்ந்துகொள்ளும். இரண்டும் சம அளவு என்றால், வித்தியாசத்தின் பிழை ஒரு மாதப் பிழையைப் போல 1.4 மடங்கு (இரண்டின் வர்க்கமூலம்). நாம் அறிய விரும்பும் மாற்றம்தான் அதிகம் மங்கலாகத் தெரியும்.

அதனால், தேர்வான குடும்பத்தை அடுத்தடுத்து நான்கு மாதங்கள் போய்ப் பார்க்கிறார்கள். மாதந்தோறும் கால் பங்கு வீடுகள் வெளியேற, கால் பங்கு புதிதாக நுழையும். எந்த இரண்டு அடுத்தடுத்த மாதங்களை எடுத்தாலும் முக்கால்வாசி வீடுகள் பொது. அந்தப் பட்டதாரி வீடு ஏப்ரலிலும் இருக்கும், மே மாதமும் இருக்கும். அது பட்டியலில் விழுந்த தற்செயல் இரண்டு எண்களிலும் ஒரே பக்கமாகச் சாய்வதால், கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். கால் கிலோ கூடக் காட்டும் தராசிலேயே மாதாமாதம் குழந்தையை நிறுத்தாலும், குழந்தை எவ்வளவு எடை ஏறியது என்பது சரியாகத்தானே வரும்? இரண்டு மாத மதிப்பீடுகளுக்கும் ஒட்டுறவு (பிழைகள் எவ்வளவு சேர்ந்தே ஒரே பக்கம் சாய்கின்றன என்ற அளவு; முழுக்கச் சேர்ந்தால் 1) 0.5 இருந்தால் போதும், 1.4 என்றிருந்த பிழை 1 ஆகச் சுருங்கிவிடும். கூடுதலாக ஒரு வீட்டைக்கூடப் பார்க்காமல்!

அப்படியானால் அதே வீடுகளையே ஆண்டுக்கணக்கில் பார்க்கலாமே? முடியாது. கேட்டதையே கேட்டால் யாருக்கும் சலித்துவிடும். "வேலை தேடினேன்" என்றால் பின்னாலேயே நாலு கேள்வி வரும் என்று தெரிந்தவர், அடுத்த முறை "இல்லைங்க" என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் கூடும். 1940 முதல் மாதந்தோறும் இப்படி வீடு தேடி விசாரிக்கும் அமெரிக்காவில், முதல் முறை பேட்டி தரும் குடும்பங்களில் வேலையின்மை கூடுதலாகவும், பிந்தைய பேட்டிகளில் குறைவாகவும் பதிவாவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அங்கே நான்கு மாதம் உள்ளே, எட்டு மாதம் ஓய்வு, மறுபடி நான்கு மாதம். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடவும் பாதி வீடுகள் பொதுவாகக் கிடைக்கட்டும் என்று.

சரி, 5.1 ஏன் 5.6 ஆனது? குலுக்கல் பிழை போக, பருவமும் ஒரு காரணம். ரபி (குளிர்காலப் பயிர்) அறுவடை முடிந்ததும் கிராமங்களில் வேலை குறையும். அந்தப் பருவ ஏற்ற இறக்கத்தைக் கழித்துக் காட்ட, பல ஆண்டுகளின் மாத எண்கள் கையில் வேண்டும். நம் மாதத் தொடரோ 2025 ஏப்ரலில்தான் ஆரம்பித்தது. போதிய ஆண்டுகள் சேரும்வரை ஏப்ரலை அடுத்த ஏப்ரலோடு ஒப்பிடுவதே நியாயம்.

தொழில் வாரிக் கணக்கில் இன்னொரு நுணுக்கம். திருப்பூர் பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்கும் டிரைவர், தொழில்துறைப் பட்டியலில் ஆடைத் தயாரிப்பில் வருவார். அதே சரக்கை ஏற்றும் லாரி சர்வீஸில் சம்பளம் வாங்கினால் தரைவழிப் போக்குவரத்து. ஓட்டுவது ஒரே வண்டியாகக்கூட இருக்கலாம். கம்பெனி தன் லாரிகளை விற்றுவிட்டு வாடகைக்கு எடுத்தால், ஆள் மாறாமலேயே ஆடைத் துறையில் வேலை குறைந்துவிடும்.

இத்தனையும் டேப்லெட்டோடு வெயிலில் வாசல்படி ஏறுபவரை நம்பித்தான் நடக்கிறது. அவர்களில் கணிசமானோர் ஒப்பந்த ஊழியர்கள். நாட்டின் வேலைவாய்ப்பை எண்ணுபவருக்கே நிரந்தர வேலை இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. இதில் மிச்சம் பிடிக்கும் காசு கேவலமான மிச்சம். இன்னொரு பக்கம், குருப் பெயர்ச்சியால் யாருக்கு வேலை போகும் என்று டிவியில் மணிக்கணக்கில் சொல்பவரிடம், பிழை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கணக்கெடுப்பு தன் பிழை அளவையும் சேர்த்தே வெளியிடுகிறது.

மாநில வாரியாக மாதாமாதம் தரக்கூடாதா என்றும் கேட்பார்கள். மாத அறிக்கை நாடு முழுமைக்குமானது; கிராமம், நகரம், ஆண், பெண், வயது என்று பிரிப்பதோடு நின்றுகொள்கிறது. மொத்த வீடுகளை உதாரணத்துக்கு 16 சம பங்காக்கினால் ஒவ்வொரு பங்கின் பிழையும் நான்கு மடங்காகும். அரை சதவீத ஏற்றம் அதற்குள் காணாமல் போய்விடும்.