தடுப்பூசித் தயக்கம் எங்கே பிறக்கிறது?

தடுப்பூசிக்குத் தயங்குகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். நன்கு படித்தவர்களும் தயங்குகிறார்களே, அதற்கு என்ன சொல்வது?

நோய் வந்து குழந்தை துன்பப்பட்டால் விதியை நொந்துகொள்கிறோம். நாமே போடவைத்த ஊசியால் காய்ச்சல் கண்டாலோ, குற்றவுணர்வு நம்மைத் தின்றுவிடுகிறது. செய்ததால் வரும் கேடு, செய்யாமல் விட்டதால் வரும் கேட்டைவிட மனத்துக்குப் பெரிதாகத் தெரியும். போதாக்குறைக்கு, தடுப்பூசியின் வெற்றியே அதற்கு எதிரியாகிறது. தட்டம்மைத் தடுப்பூசி பரவலாகும் முன் உலகில் ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் பேர் அந்நோயால் இறந்தார்கள். இன்றைய இளம் பெற்றோரில் பலர் அந்நோயைக் கண்ணால் கண்டதில்லை. குழந்தையின் வீங்கிய தொடையைத்தான் காண்கிறார்கள்.

அடுத்தது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியின் முதல் தவணை பல நாடுகளில் ஒரு வயதை ஒட்டிப் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்தப் பருவத்தில்தான். 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்ட ஆய்வறிக்கையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வும் அப்படி எந்தத் தொடர்பையும் காணவில்லை. அச்சம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. ஊசிக்குப் பிறகு பிள்ளை பேச்சை நிறுத்தியதைப் பார்த்த தாய்க்குப் புள்ளிவிவரம் ஆறுதலாகாது. அவரைக் கேலி செய்வது கொடுமை.

எல்லாவற்றையும்விட ஆழமானது உடைந்த நம்பிக்கை. 1996இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் மூளையுறை அழற்சி பரவியபோது, ஃபைசர் மருந்து நிறுவனம் ஒரு புதிய மருந்தைக் குழந்தைகளிடம் சோதித்தது. எங்களிடம் முறையாக ஒப்புதல் பெறவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள், 2003இல், போலியோ சொட்டு மருந்து மலடாக்கிவிடும் என்ற வதந்தி கிளம்பியது. வதந்தி பொய். ஆனால் அதை நம்ப அந்த ஊர் மக்களுக்குக் காரணம் இருந்தது என்பதை மறைத்துவிட்டு அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கானோ சொட்டு மருந்தை நிறுத்தியது. போலியோவை ஒழித்திருந்த பல நாடுகளுக்குள் நைஜீரிய வைரஸ் மீண்டும் நுழைந்தது. உள்ளூர்த் தலைவர்களுடன் நீண்ட பேச்சு நடந்தது. கானோவைப் போலவே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவிலிருந்து மருந்து தருவிக்கப்பட்டது. அதன் பிறகே, 2004இல், கானோவின் குழந்தைகளுக்கு மீண்டும் சொட்டு மருந்து கிடைத்தது.