சுரங்கத்தை மூடினால் ஆறு தப்பிக்குமா?

“சுரங்கத்தை மூடிவிட்டால் ஆற்றுக்கு வரும் கேடும் நின்றுவிடும்தானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மேகாலயாவின் ஜைந்தியா மலையில் எலிவளை நிலக்கரிச் சுரங்கங்களுக்கு, அதாவது ஆள் தவழ்ந்து போகும் குறுகிய பொந்துச் சுரங்கங்களுக்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை போட்டதைப் படித்துவிட்டு எழுந்த கேள்வி அது.

நிற்காது. சில இடங்களில் மூடிய பிறகுதான் பெரிய கேடே தொடங்குகிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்றொரு வெள்ளீயச் சுரங்கம் இருந்தது. வெள்ளீயத்தின் விலை 1985-இல் சரிந்தது. சுரங்கம் தள்ளாடி 1991-இல் மூடப்பட்டது. பம்புகள் நின்றன. 1992 ஜனவரியில் பழைய வடிகால் சுரங்கவழி ஒன்றின் அடைப்பு உடைந்து, கோடிக்கணக்கான லிட்டர் அமிலத் தண்ணீர் கார்னன் ஆற்றில் பாய்ந்தது. துத்தநாகமும் காட்மியமும் இரும்பும் கலந்த அந்தத் தண்ணீர் ஃபால் கழிமுகம் வரை ஆரஞ்சு நிறத்தில் பரவியது.

அமிலம் எங்கிருந்து வந்தது? பாறையில் பைரைட் இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல மின்னும் கனிமம். மண்ணுக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது யாருக்கும் தொந்தரவில்லை. தோண்டி எடுத்துக் காற்றும் ஈரமும் பட்டால் கந்தக அமிலமும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபெரஸ் என்ற இரும்பு வடிவமும் வரும். இதெல்லாம் பள்ளிக்கூட வேதியியல்தான். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது.

ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபெரிக் என்ற இன்னொரு இரும்பு வடிவமாக மாற வேண்டும். அமிலம் கடுமையாக இருக்கும் தண்ணீரில் இது தானாக நடக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அங்கேதான் அசிடித்தியோபேசிலஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியா நுழைகிறது. இந்த மாற்றத்தில் கிடைக்கும் துளி ஆற்றலை வைத்தே அது பிழைக்கிறது. அது இருந்தால் வேகம் பத்து லட்சம் மடங்குக்கு மேல் கூடும். அப்படிப் பிறந்த ஃபெரிக் இரும்பு நேராகப் போய்ப் பைரைட்டையே அரிக்கிறது. 14 ஃபெரிக் அயனிகள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) ஒரு பைரைட் மூலக்கூறைத் தாக்கினால் 15 ஃபெரஸ் அயனிகள் கிடைக்கின்றன. கூடவே 16 ஹைட்ரஜன் அயனிகள், அதாவது அமிலம். 14 போட்டால் வட்டியோடு 15 திரும்புகிறது. அந்த 15-ஐயும் பாக்டீரியா மறுபடி ஃபெரிக்காக்கித் தருகிறது. சக்கரம் தானே சுற்றுகிறது. இந்தச் சமன்பாட்டை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, மூடிய பிறகு ஏன் மோசமாகிறது? வேலை நடக்கும்போது பம்புகள் தண்ணீரை இறைத்துச் சுரங்கத்தைக் காய வைக்கின்றன. பழைய வீட்டுச் சுவரில் உப்பு பூப்பதுபோல, சுரங்கச் சுவரெங்கும் இரும்பு சல்பேட் உப்புகள் பூத்து, அமிலத்தைத் தமக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. பம்பு நின்றதும் நீர்மட்டம் ஏறி, பல வருட உப்பை ஒரேயடியாகக் கரைக்கிறது. முதலில் வெளிவரும் தண்ணீர்தான் மிகக் கொடியது. முழுக்க மூழ்கிய பகுதியில் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா அடங்கும். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பாறையில் சக்கரம் தொடரும்.

சட்டம் தடுமாறியதும் இங்கேதான். ஓடும் சுரங்கம் தண்ணீரைக் குழாய் வழியே விடுகிறது. குழாய்க்கு உரிமையாளர் உண்டு. அமிலம் இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று உரிமத்தில் எழுதிக் குழாய் வாயிலேயே அளக்கலாம். மூடிவிட்டால் தண்ணீர் தனக்குப் பிடித்த வழியில் வரும். பிரிட்டனின் 1991 நீர்வளச் சட்டமோ, கைவிட்ட சுரங்கத்திலிருந்து தண்ணீர் வெளியேற விடுவது குற்றமில்லை என்று விலக்கே கொடுத்திருந்தது. வீல் ஜேனுக்குப் பிறகு, 1995-இல் சட்டம் மாறியது. 1999 முடிந்தபின் கைவிடப்படும் சுரங்கங்களுக்கு விலக்கு இல்லை. மூட ஆறு மாதம் முன்பே அறிவிக்கவும் வேண்டும். அதற்கு முன் கைவிட்டவற்றை இந்த மாற்றம் தொடவில்லை. அவற்றின் சுமை மக்கள் வரிப்பணத்தின் மேல் விழுந்தது. இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

மூடும் செலவைத் தோண்டும் முன்பே வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. மூடிய சுரங்கங்களின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளக்கும் வேலைக்கும் ஆய்வு நிதி ஒதுக்க வேண்டும். அதில் தலைப்புச் செய்தி எதுவும் வராது. ஆனால் அடைப்பு உடையும் முன்பே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்கும்.

வீல் ஜேனில் 2000 முதல் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. தண்ணீர் வெளிவாயிலைத் தொடும் முன்பே பம்பு வைத்து எடுத்து, சுண்ணாம்பு கலந்து அமிலத்தை முறிக்கிறார்கள். உலோகங்கள் சேறாகப் படிந்த பிறகே தண்ணீரை ஆற்றில் விடுகிறார்கள். வெள்ளீயம் எடுத்த காலத்தில் இறைத்த அதே தண்ணீரை, எதுவும் எடுக்காமலேயே இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.