எண்ணெயா, எண்ணையா?

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு மரச்செக்குக் கடை வந்திருக்கிறது. பெயர்ப்பலகையில் ‘எண்ணை’. விலைப்பட்டியலில் ‘எண்ணைய்’. பாட்டிலில் ஒட்டிய சீட்டில் மட்டும் ‘எண்ணெய்’. “இதுல எது சார் சரி?” என்று கடைக்காரரே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “எப்படி எழுதினா என்ன, வாயில வர்றது எண்ணதானே” என்று அவரே முடித்தும் வைத்தார். அவர் சொன்னதில் பாதி சரி.

எண்ணெய் என்பது எள் + நெய். எள்ளின் ‘ள்’ அடுத்து வரும் நகரத்தோடு சேரும்போது இரண்டுமே ணகரமாகிவிடும். வெள் + நெய் வெண்ணெய் ஆனதும், தெள் + நீர் தெண்ணீர் ஆனதும் இதே கணக்கு. ஆக, பிறந்தபோது எண்ணெய் என்றால் எள்ளில் எடுத்தது மட்டும்தான். கருப்பட்டி சேர்த்து ஆட்டி இறக்குகிறார்களே, அந்த நல்லெண்ணெய்.

நெய் என்றால் இன்று உருக்கிய வெண்ணெய். இட்லிப்பொடிக்கு நெய்யா நல்லெண்ணெயா என்று சண்டையே நடக்கிறது. பழந்தமிழில் நெய்யின் வீடு பெரிது. ‘தேனெய்யொடு கிழங்கு மாறியோர் மீனெய்யொடு நறவு மறுகவும்’ என்கிறது பொருநராற்றுப்படை. தேனையும் கிழங்கையும் கொடுத்துவிட்டு மீன் நெய்யும் கள்ளும் வாங்கிப்போகிறார்கள். தேனுக்கும் நெய் என்றே பெயர், மீனில் எடுத்ததற்கும் நெய்யே. வழவழவென்று வடிவதெல்லாம் நெய் என்றிருந்த காலம் அது. எள்ளில் வடிந்தது எள்நெய்.

பிறகு அந்த ஒன்றின் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. கடலை எண்ணெயைப் பிரித்தால் ‘கடலை எள்நெய்’ என்று வரும். தேங்காய் எண்ணெயில் எள் எங்கே இருக்கிறது? யாருக்கும் உறுத்துவதில்லை. ஆங்கிலத்து ‘ஆயில்’ கதையும் இதுதான்: லத்தீன் ‘ஓலியம்’ முதலில் ஆலிவ் எண்ணெயைக் குறித்த சொல். அவர்களுக்கு ஆலிவ், நமக்கு எள்.

உச்சரிப்புக்கு வருவோம். பேச்சில் சொல்லின் கடைசி ஐகாரம் தேய்ந்துவிடும். சட்டை ‘சட்ட’ ஆகும், தலை ‘தல’ ஆகும். எண்ணெயின் கடைசி ‘எய்’யும் அதே தேய்மானத்தில் கரைந்து ‘எண்ண’ ஆகிறது. எகரத்தில் தொடங்கும் சொல் என்பதால் பலர் வாயில் முன்னால் ஒரு யகரமும் ஒட்டிக்கொள்ள, ‘யெண்ண’. இதுவரை குற்றமில்லை. மலையாளத்தில் எழுத்திலேயே ‘எண்ண’தான், கன்னடத்தில் ‘எண்ணெ’. நம் பேச்சு அக்கம்பக்கத்து எழுத்தோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

கோளாறு எழுத உட்காரும்போது வருகிறது. ‘சட்ட’வைச் சட்டை என்று திருத்துகிற அதே கை, ‘எண்ண’வை எண்ணை என்று திருத்திவிடுகிறது. அதாவது இந்தப் பிழை அலட்சியத்தில் பிறந்ததில்லை, அக்கறையில் பிறந்தது! வெண்ணெய் ‘வெண்ணை’ ஆவதும் இப்படித்தான். நெய்யை யாரும் ‘நை’ என்று எழுதுவதில்லையே. அந்த நெய்தான் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கை தானாகத் திருந்தும். எண்ணெயை, எண்ணெயில், எண்ணெய்க்கு என்று வேற்றுமை உருபு சேரும்போதும் அதே நெய்தான்.

ணகரத்தையும் விட்டுவிடக் கூடாது. “எண்ண என்ன வெல?” என்று கடையில் கேட்டுப் பாருங்கள். முதல் சொல்லுக்கு நாக்கு உள்ளே மடிய வேண்டும், அடுத்ததற்கு நிமிர வேண்டும். மடிக்கச் சோம்பினால் இரண்டும் ஒன்றாகி, கடைக்காரர் “என்ன?” என்று திருப்பிக் கேட்பார். விரைந்த பேச்சில் தேங்காய் எண்ணெய் ‘தேங்காண்ண’ ஆகும். கடலை எண்ணெய் ‘கடலெண்ண’ ஆகிக் கடலுக்கே போய்விடும்.

வட்டாரம் விளையாடுவது மண்ணெண்ணெயில்தான். மண்ணிலிருந்து வந்ததால் மண்ணெண்ணெய். சீமையிலிருந்து கப்பலில் வந்ததால் சில ஊர்களில் சீமெண்ணெய். கன்னடத்திலும் ‘சீமெ எண்ணெ’யே. இன்னும் சில இடங்களில் ‘கெரசின் ஆயில்’ நாக்கில் உருண்டு உருண்டு ‘கிருஷ்ணாயில்’ ஆனது. ரேஷன் கடை வரிசையில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் அதில் கிருஷ்ணர் எப்படி வந்தார் என்று யோசித்திருக்க மாட்டார்கள். தெரியாத ஒலியைத் தெரிந்த பெயராக மாற்றிக்கொள்வது எல்லா மொழிக்காரர்களும் செய்வதுதான். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். திருத்தச் சொன்னால் மாட்டேன்.

தமிழ்ச்சொல் தேட வேண்டியது ‘ஆயில்’ ஒட்டிக்கொண்ட இடங்களில். எஞ்சின் ஆயிலுக்கு உயவு எண்ணெய் என்ற சொல் இருக்கிறது, மசகு எண்ணெய் என்றும் சொல்லலாம். ஆனால் இதில் ஒரு வழுக்கல் உண்டு. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘மசகு எண்ணெய் விலை ஏறியது’ என்று வந்தால், அது இங்கே நாம் கச்சா எண்ணெய் என்பது. கச்சா இந்தி வழி வந்த சொல். பக்குவப்படாதது, பச்சையானது என்று பொருள். மசகோ நம் வண்டி அச்சில் தடவிய பழைய சொல். என் பைக் மெக்கானிக்கிடம் இதில் எதைச் சொன்னாலும் “ஆயில் மாத்தணுமா சார்?” என்றுதான் கேட்கிறார்.