வாழை எந்தப் பக்கம் சாய்ந்தது?

களக்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சித்திரை மாதத்துச் சாயங்கால மழையோடு வந்த சூறைக்காற்று, குலை தள்ளிய அவரது வாழைகளைக் கால் மணி நேரத்தில் சாய்த்துவிட்டது. அடுத்த தோப்பில் ஒரு மரம்கூட விழவில்லை. "இது டொர்னாடோவா? அமெரிக்காவில் அதற்கு நூறு பேர், இருநூறு பேர் பலியாகிறார்கள். இங்கே யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டொர்னாடோ என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழல்காற்று. அதன் கடுமையைச் சுழியம் முதல் ஐந்து வரை தரம் பிரிக்கும் அளவுகோலை 1971இல் வானிலை அறிஞர் டெட்சுயா ஃபுஜிதா உருவாக்கினார். 2007 முதல் அமெரிக்கா அதன் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஐந்தாம் தரம் என்றால் மணிக்கு 322 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தரம் பிரிக்க இந்த வேகத்தைக் கருவி வைத்து அளப்பதில்லை. காற்று போன பிறகு எவையெவை உடைந்தன என்று பார்த்துக் கணிக்கிறார்கள். உடைவதற்கு எதுவும் இல்லாத வெட்டவெளியில் அசுரக் காற்றுக்கும் குறைந்த தரமே கிடைக்கும்.

2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து எல் ரெனோ பக்கம் வந்த டொர்னாடோவின் அகலம் 4.2 கிலோமீட்டர். பதிவானவற்றில் இதுவே மிக அகலமானது. பெரும்பாலும் வயல்வெளியில் போனதால் அதற்குக் கிடைத்தது மூன்றாம் தரம். இறந்தவர்கள் 8 பேர். 2011இல் மிசூரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரத்தின் நடுவே புகுந்தது அதைவிடக் குறுகலானது. அங்கே 158 பேர் இறந்தார்கள்.

ஊருக்குள் காற்று எப்படிக் கொல்கிறது? ஆளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அல்ல. வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும். கூரைக்கு மேலே விரைந்து ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து, கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. அதே நேரம் காற்று முகத்தில் இருக்கும் கதவோ ஜன்னலோ உடைந்தால், வாய் திறந்த சாக்கில் புகுவது போல் காற்று உள்ளே நிறைந்து, கூரையை அடியிலிருந்தும் தள்ளுகிறது. கூரை வெறும் மூடி அல்ல; நான்கு சுவர்களின் தலைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். அது போனால் சுவர் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும் மதிலாகிவிடும். பிறகு விழ எவ்வளவு நேரம் வேண்டும்? பிய்ந்த தகரமும் ஓடும் அடுத்த வீட்டின் ஜன்னலைத் தாக்க, அங்கேயும் இதே கதை தொடங்கும். ஜன்னல்களைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்று ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அது எவ்வளவு தவறு என்பது இப்போது புரியும். நம் பழைய வீடுகளில் இரண்டாங்கட்டை ஒட்டி ஜன்னலே இல்லாத இருட்டறை ஒன்று இருக்குமே, அப்படிப்பட்ட உள்ளறைதான் புகலிடம்.

1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாத்தூரியா பகுதியில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தது நெருக்கமான, வலுவற்ற குடியிருப்புகளில். அமெரிக்காவிலும் வீட்டுக்குள் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், உறுதியான அஸ்திவாரம் இல்லாமல் தரையில் வைக்கப்படும் நகர்த்து வீடுகளில் இருந்தவர்கள். இரவில் வந்தால் பலி இன்னும் கூடும். களக்காட்டில் காற்று சாய்த்தது தோப்பை, வீடுகளை அல்ல; அதனால்தான் யாருக்கும் கீறல்கூட இல்லை.

பக்கத்தில் மலை இருந்தால் அது ஊரைக் காக்கும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கமாட்டேன். கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரத்தாரும் பர்னெட் குன்று தங்களைக் காக்கும் என்றே நம்பியிருந்தார்கள். 1966 ஜூன் 8 அன்று அந்தக் குன்றின் மீதே ஏறி வந்தது டொர்னாடோ.

இனி முதல் கேள்வி. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்த இடங்களை ஆராய்ந்தவர் ஃபுஜிதா. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மரங்கள் விழுந்து கிடந்த அதே கோலத்தைப் பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் காடுகளில் கண்டார். மேகத்திலிருந்து கொட்டி, தரையில் மோதி விரியும் கீழ்நோக்குக் காற்றை அப்படித்தான் கண்டுபிடித்தார். டொர்னாடோ போன தடத்திலோ, மரங்கள் பெரும்பாலும் தடத்தின் நடுக்கோட்டை நோக்கி உட்பக்கமாகச் சாயும்.

ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்கும் வாழைத்தோப்பு இதற்கு அருமையான கருவி. நிவாரணத்துக்காக விழுந்த வாழைகளை எண்ணுகிறோம். விழுந்த திசையைக் குறிப்பதில்லை. இரண்டு மாணவர்களுக்கும் ஒரு டிரோனுக்கும் ஆகும் பணத்தை இந்த ஆய்வுக்கு அரசு ஒதுக்கியே ஆகவேண்டும். அதுவரை, களக்காட்டு நண்பரே, தோப்பைச் சுத்தம் செய்யும் முன் மோட்டார் அறையின் மேல் ஏறி நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். வடக்கு எது என்று குறிக்க மறக்க வேண்டாம்.